ஆறு சிலிண்டரும் இரண்டு லிட்டர் பெட்ரோலும்

கல்யாணமான நாளிலிருந்து என் மாமனாரின் காரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நான் சொன்னதில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையில் அது நிற்கும். நிற்கும் என்று சொல்வதுகூடத் தப்பு, படுத்திருக்கும். ஐம்பதுகளில் செய்த அமெரிக்க வண்டி. சிக்மகளூர்ப் பக்கம் யாரோ காபி எஸ்டேட்காரர் ஓட்டிச் சலித்து விற்றதை இவர் வாங்கினார். பானெட் மட்டுமே என் சின்னக் காரின் பாதி நீளம் இருக்கும், ஏனென்றால் உள்ளே ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

நான் பொம்மசந்திராவில் ஒரு ஃபாக்டரியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மைலேஜ் விஷயத்தில் கொஞ்சம் கிறுக்கு என்று வீட்டில் பெயர். என் கார் லிட்டருக்கு இருபது கொடுத்தால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும், பதினாறுக்கு வந்தால் யாரிடமும் பேசமாட்டேன். அப்படிப்பட்ட ஆளை உட்காரவைத்து, ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மத்தியானமும் பிரியாணி சாப்பிட்ட கையோடு மாமனார் சொல்வார்: "மாப்ள, நம்ம வண்டி இருக்கே, லிட்டருக்கு எட்டு குடுக்கும். பக்குவமா ஓட்டணும், அவ்வளவுதான்."

எதிரே உட்கார்ந்திருக்கும் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், என்னைப் பார்ப்பார். நானும் அவரைப் பார்ப்பேன். மனுஷன் எங்கள் காதில் பூ சுற்றுகிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் காலத்து ஆறு சிலிண்டர், அத்தனை இரும்பு, அத்தனை எடை. நாலு கொடுத்தாலே பெரிய விஷயம்.

மாமனார் போய்ச் சில வருஷமாகிறது. அதன் பிறகு அந்த வண்டியைத் தொட்டது என் மனைவி மட்டும்தான். அவள் காக்ஸ் டவுனில் எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்குப் போய், அந்தக் காரை எடுத்துக்கொண்டு ஆராதனைக்குப் போவாள். நான் பின்னால் என் காரில் வருவேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சர்ச்சுக்குப் போக இரண்டு காரா என்று கேட்டால், "நீங்க அதுல ஏறுனா முகத்தைத் தூக்கி வச்சிக்குவீங்க" என்பாள். உண்மைதான், தூக்கிவைத்துக்கொள்வேன்.

போன வருஷம் அந்த வீட்டை பில்டருக்குக் கொடுப்பதென்று முடிவானது. ஆஸ்திரேலியாவிலிருந்து மச்சான் வந்து இறங்கினார். வீடு போனால் கொட்டகையும் போகும், கொட்டகை போனால் கார் எங்கே போகும்? அவரே வழியும் கொண்டுவந்திருந்தார். ஊருக்குள் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு பெரிய ஹோட்டல், லாபியில் நிறுத்திவைக்கப் பழைய கார் ஒன்று தேடுகிறது. அதன் மேனேஜர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார், போட்டோ எடுத்தார், பிடித்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தீயணைப்பு விதிப்படி லாபியில் நிற்கும் வண்டியில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது, ஆயில் இருக்கக்கூடாது, பேட்டரி இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டேங்க்கை அடைத்துவிடுவார்களாம்.

மேனேஜர் போன பிறகு சாப்பாட்டு மேசையில் சண்டை ஆரம்பித்தது.

"ஏசியில நிக்கும் பாப்பா. தினம் தொடைப்பாங்க. மழை கிடையாது, எலி கிடையாது. அதுக்கு வேற என்ன வேணும்?" என்றார் மச்சான்.

"ஓடணும்," என்றாள் இவள்.

"ஓடுறதுக்கு யாரு தீனி போடுறது? இன்னும் ரெண்டு மாசம் ஆசையா ஓட்டுவ. அப்புறம் தார்பாய் போட்டு மூடி வப்ப. துருப்பிடிச்சுப் போகும். நான் நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

"அப்பா எட்டு குடுக்கும்னு சொன்னாரே?"

மச்சான் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்பா சொன்னாரு. அப்பா எனக்கு இன்ஜினியரிங் சீட்டு ரெடியா இருக்குன்னும் சொன்னாரு. நான் பேண்ட்டை அயர்ன் பண்ணிட்டு ஒரு மாசம் உக்காந்திருந்தேன். ஒயிட்ஃபீல்டுல எடம் வாங்கிப் போட்டிருக்கேன்னு சொன்னாரு. எங்க இருக்கு அந்த எடம்? அப்பா வாயில வந்தது ஏதாவது ஒண்ணு உண்மையாயிருக்கா, சொல்லு பாக்கலாம்!"

நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

இவள் மெதுவாகக் கேட்டாள்: "எட்டு குடுத்துட்டா?"

"என்ன?"

"லிட்டருக்கு எட்டு அந்த வண்டி குடுத்துட்டா, ஹோட்டலுக்கு வேணாம்னு சொல்லிடுவியா?"

"எட்டு குடுத்தா நான் வாயே தெறக்கல. நீயே வச்சிக்க. குடுக்கலன்னா சாவியை எங்கிட்ட குடுத்துடணும். சரியா?"

"சரி," என்று கையை நீட்டினாள். அண்ணனும் தங்கையும் மேசைக்குக் குறுக்கே கை குலுக்கிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஜெயிச்சிட்டா எங்க நிறுத்துவ? நம்ம வீட்டுச் சந்துல என் கார் நிக்குது, ஞாபகம் இருக்கட்டும்!" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் யார் பக்கம் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மச்சான் பக்கம்தான். கணக்கு அவர் பக்கம் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, அந்த இன்ஜின் இனி ஒருபோதும் ஓடாது என்ற நினைப்பில் இவள் சமையலறையில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். சரி, டயரில் காற்றாவது பார்த்துக் கொடுப்போம் என்று மறுநாள் நானும் கொட்டகைக்குப் போனேன்.

அங்கேதான் முதல் அடி விழுந்தது எனக்கு. அவள் பானெட்டைத் திறந்து, உள்ளே போய் உட்கார்ந்து, சாவியைத் திருகினாள். நான் காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றேன். 'கிர்ர்' என்று ஸ்டார்ட்டர் சுற்றியது, அப்புறம் சத்தமே இல்லை.

"எடுக்கலையா?" என்று கேட்டேன்.

"என்ன எடுக்கல?"

"இன்ஜின்மா. இன்னொரு தடவை போடு."

அவள் கண்ணாடிக்குள்ளிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "ஓடிக்கிட்டுதான் இருக்குது. ஃபேனைப் பாருங்க!"

பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டம்ளரை இன்ஜினுக்கு மேலே ஏர் ஃபில்டர் டப்பாவில் வைத்தேன். காபியில் ஒரு சின்ன அலைகூட இல்லை, நுரை வைத்தது வைத்தபடி இருந்தது. நான் தினமும் நூற்றுக்கணக்கில் உதிரிபாகங்களை அதிர்வு மேடையில் ஏற்றி இறக்குகிறவன். அதிர்வு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் அப்பா வயதுள்ள இரும்பு இப்படி அதிராமல் ஓடுமா? அடேயப்பா! கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, நடுக்கம் இல்லை. கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு அதே வேலை. ப்ளக் ஆறையும் கழற்றித் துடைத்தோம். டயர்களுக்குக் காற்றடித்தோம். சிவாஜி நகரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி ஒரு பிளாஸ்டிக் கேனை இடது ஜன்னலுக்கு முன்னால் வெளிப்பக்கமாகக் கட்டிக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு குழாய் நேராகப் பெட்ரோல் பம்புக்குப் போகும். கேனில் இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றுவது. மாமனார் வீட்டு வாசலிலிருந்து கொத்தனூர் தாண்டி எட்டு கிலோமீட்டர் போய், திரும்பி அதே எட்டு கிலோமீட்டர் வந்து வாசலைத் தொட வேண்டும். போகும்போது இறக்கமென்றால் வரும்போது ஏற்றம், யாரும் குறை சொல்ல முடியாது. தூரம் அளக்க மச்சானின் போன்.

ஒரு சனிக்கிழமை, விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். முன்சீட்டு சோபா மாதிரி ஒரே நீளம், மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். இவள் ஸ்டியரிங்கில், மச்சான் போனோடு நடுவில், நான் கேனைப் பார்த்தபடி ஜன்னலோரம். இவள் செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டாள்.

"ஏம்மா, வெறுங்காலோடவா?"

"ஆர்கன்லயும் அப்படித்தானே உக்காருறேன்?"

ஆர்கனில் காலுக்கும் ஒரு கட்டை உண்டு, சத்தத்தை ஏற்றி இறக்குவதற்கு. அதை மிதித்தால் பாட்டு குதிக்கும், சபையே திரும்பிப் பார்க்கும். மிதிக்கக்கூடாது, காலைச் சாய்க்க வேண்டும் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அதற்கும் காருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று இருபது வருஷமாக எனக்குத் தோன்றவில்லை.

வண்டி நகர்ந்தது. முதல் கியர், இரண்டாவது, உடனே மூன்றாவது. அதுதான் அதற்குக் கடைசிக் கியர். நான் பதறிப்போனேன். "என்னம்மா இது, ஓடவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள டாப்பா? திணறி நிக்கப் போகுது!"

நிற்கவில்லை. மனுஷன் நடக்கிற வேகத்தில் டாப் கியரில் அந்த இரண்டு டன் வண்டி ஒரு முக்கல் முனகல் இல்லாமல் போனது. என் கார் அந்த வேகத்தில் மூன்றாவது கியரிலேயே உதறிக்கொண்டு செத்துப்போயிருக்கும். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நாலு சிலிண்டரில் ஒன்று தள்ளி முடிக்கும் இடத்தில்தான் அடுத்தது தள்ள ஆரம்பிக்கும். ஆறு இருந்தால், ஒன்று தள்ளி முடிப்பதற்குள்ளேயே அடுத்தது தோள்கொடுத்துவிடும். நடுவில் வெற்றிடமே கிடையாது. அதனால்தான் அத்தனை மெதுவாகச் சுற்றினாலும் அது தடுமாறுவதில்லை. மெதுவாகச் சுற்றும் இன்ஜின் கொஞ்சமாகத்தான் குடிக்கும். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் என் முதுகுக்குப் பின்னால் சீட்டில் அது நடப்பதை உணர்ந்தேன், எனக்குப் புல்லரித்தது.

லிங்கராஜபுரம் பாலத்தில் ஏறும்போது அவள் கால் அசைந்ததா இல்லையா என்று நான் குனிந்தே பார்த்தேன். பெருவிரல் மட்டும் கொஞ்சம் முன்னே சாய்ந்தது. பாலத்தின் உச்சிக்கு முன்னாலேயே காலை எடுத்துவிட்டாள். வண்டி தன் எடையிலேயே அந்தப் பக்கம் இறங்கியது. தூரத்தில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? விரட்டுவோம். அவள் அது சிவப்பாகிவிட்டு மறுபடி பச்சையாகும் நேரத்தைக் கணித்துக்கொண்டு இங்கிருந்தே மெதுவாகப் போனாள். நாங்கள் போய்ச் சேரும்போது பச்சை விழுந்தது, பிரேக்கையே தொடவில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், ஓவர்டேக் பண்ணித் திரும்பிப் பார்த்துத் திட்டினார்கள். "போய்யா, போ! போய் அடுத்த சிக்னல்ல நில்லு!" என்று நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். அடுத்த சிக்னலில் நின்றுகொண்டுதான் இருந்தான்.

மச்சான் முதலில் கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம்போல உட்கார்ந்திருந்தார். ஹெண்ணூர் தாண்டியதும் கை அவிழ்ந்தது. கொத்தனூர் வந்தபோது அவர் கேனை எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார். எட்டு கிலோமீட்டர் முடிந்த இடத்தில் இவள் வண்டியைத் திருப்பினாள். கேனில் பாதிக் கோட்டுக்கு மேலே ஒரு விரல் பெட்ரோல் நின்றது.

"மச்சான், பாத்தீங்களா?" என்றேன். எனக்கே என் குரல் கீச்சென்று கேட்டது.

"வர்றப்ப டிராஃபிக் இருக்கும்," என்றார் அவர். ஆனால் நெற்றியில் வேர்த்திருந்தது.

டிராஃபிக் இருந்தது. ஸ்கூல் வேன், தண்ணி லாரி, பால் வண்டி, எல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டன. இவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆராதனையில் வாசிக்கும்போது இருக்கும் அதே முகம். பேசியது மச்சான்தான். "பாப்பா, அந்த பஸ்ஸு நிக்கப் போகுது, காலை எடு... ஆங், அப்படித்தான்... விடு விடு, தானா போகும்..." பள்ளம் வந்தால் இவருடைய வலது கால் தரையிலிருந்து எழும்பியது, இல்லாத ஆக்ஸிலரேட்டரிலிருந்து! எதிராளி எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது, அவருக்குத்தான் இன்னும் தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

ஹெண்ணூர் சிக்னலில் மாட்டினோம். நாலு பக்கமும் வண்டி. எங்கள் பக்கம் சிவப்பு விழுந்தது, விளக்குக்குக் கீழே ஓடும் நொடிக் கணக்கு மிக நீளமாக இருந்தது. மிச்சம் நாலு கிலோமீட்டர்கூட இல்லை. கேனில் அதற்குப் போதும் போலத்தான் இருந்தது, நூலிழையில் நின்றது. அந்த நேரத்தில் மச்சான் கையை நீட்டி டேஷ்போர்டு நடுவிலிருந்த சாவியைப் பட்டென்று ஆஃப் செய்தார்.

இன்ஜின் நின்றது.

இவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். மச்சான் தன் கையையே பார்த்தார், யாருடைய கையோ மாதிரி.

"ஏன் ஆஃப் பண்ணீங்க?" என்று கத்தினேன். "யோவ் மச்சான், சூடான வண்டியை இப்படி நிறுத்துவாங்களா? அறிவு இருக்கா?"

அவர் தங்கையிடம் சொன்னார்: "சின்ன வயசுல, ரயில்வே கேட்டுல பெட்ரோல் வீணாகக்கூடாதுன்னு அப்பா 'ம்'னு சொல்லுவாரு. நான் இங்கதான் உக்காந்திருப்பேன், நடுவுல. ஆஃப் பண்றது என் வேலை."

"தெரியும்ணா," என்றாள் இவள்.

பச்சை விழுந்தது. சாவியைப் போட்டாள். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. நான் பயந்ததேதான். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை பரவாயில்லை, சூடான இன்ஜினை நிறுத்தினால் பம்புக்குள் அது ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை இழுத்துக்கொண்டு கிடக்கும், பெட்ரோல் ஏறாது.

பின்னால் பிரளயம். ஹாரன் ஹாரன் ஹாரன். "க்யா பாய், ஷூட்டிங் சல்ரா க்யா?" என்று, ஏதோ நாங்கள் சினிமா எடுக்கிறோம் என்பதுபோல, ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டிக் கேட்டார். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி டிராஃபிக் போலீஸ்காரர் ஓடிவந்தார். "சைட்கெ ஹாக்ரீ சார், பூரா ஜாம் ஆய்த்து!" ஆட்டோக்காரரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கி வந்து தள்ளினார்கள். நானும் மச்சானும் தள்ளினோம். அந்த எடையைத் தள்ளிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், இத்தனை நேரம் அந்த இன்ஜின் என்ன காரியம் செய்துகொண்டிருந்தது என்று. எனக்கு மூச்சு வாங்கியது. இதையா அது சத்தமில்லாமல் இழுத்தது?

ஓரம் கட்டியதும் மச்சான் பானெட்டைத் திறந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். நடைபாதையில் ஒரு பூக்காரம்மா கனகாம்பரமும் மல்லிகையும் ஈரத்துணி போட்டு மூடிவைத்திருந்தார். மச்சான் போய் அந்தத் துணியை உருவிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயோ சார், பூ வாடிரும் சார்! துணியைக் குடுங்க சார்!" என்று பூக்காரம்மா பின்னாலேயே வந்தார்.

"ஒரு நிமிஷம்மா, ஒரே நிமிஷம்!" என்று சொல்லிக்கொண்டே மச்சான் அந்தத் துணியைப் பெட்ரோல் பம்பைச் சுற்றிக் கட்டினார். புஸ்ஸென்று ஆவி வந்தது. வெள்ளைச் சட்டையில் கரி, கையில் ஆயில், முழங்கையில் ஒரு கனகாம்பரம். என்ன நடக்கிறதென்று பார்த்த பூக்காரம்மா, கோபம் மறந்து, பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து அந்தத் துணியின்மேல் ஊற்றினார். "இன்னும் ஊத்தவா சார்?" என்றார். "ஊத்துங்கம்மா," என்றார் மச்சான். சாவியை எப்போது திருகுவது என்று இவள் உள்ளிருந்து அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையை ஆட்டினார்.

இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை எடுத்துக்கொண்டது. ஆட்டோக்காரர் விசில் அடித்தார். துணி திருப்பிக் கொடுக்கும் நிலையில் இல்லை. நான் ஒரு கூடை அளவுக்கு மல்லிகை வாங்கிக்கொண்டு ஏறினேன். வேறு என்ன செய்ய?

ஆனால் ஏறியதும் கேனைப் பார்த்தேன். இருமி இருமி எடுத்ததிலும், சூடு தணியும்வரை நின்ற இடத்தில் ஓட்டியதிலும், நிற்கிற வண்டியை மறுபடி கிளப்பியதிலும் பெட்ரோல் இறங்கியிருந்தது. அடியில் இரண்டு டம்ளர் அளவு ஆடியது. மச்சான் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். இவள் அந்த இரண்டு டம்ளரை வைத்துக்கொண்டு எங்களை எவ்வளவு தூரம் கொண்டுவந்தாள் தெரியுமா? பாலம் ஏறி இறங்கினாள், கடைத்தெருவைத் தாண்டினாள், மாமனார் வீட்டுத் தெருவுக்கே வந்துவிட்டாள். கேன் காலியாகிக் குழாயில் இருப்பதைக் குடித்துக்கொண்டு வந்தது வண்டி. கர்த்தரே கர்த்தரே என்று எனக்கு உதடு முணுமுணுத்தது. நான் அப்படியெல்லாம் ஜெபிக்கிற ஆளில்லை.

வீட்டு கேட் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே இன்ஜின் ஒரு தரம் உதறியது. இவள் கிளட்ச்சை மிதித்து, இருக்கும் வேகத்திலேயே உருளவிட்டாள். எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டி வண்டி மெல்ல மெல்ல நின்றது. கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், நடுத்தெருவில்.

நான் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். பதினாறு ஆகவில்லை, சொச்சம் குறைந்தது.

"இதெல்லாம் ஒரு குறையா? அதோ வாசல் இருக்கு, எட்டித் தொடலாம்!" என்று ஆரம்பித்தேன். "சிக்னல்ல ஆஃப் பண்ணாம இருந்திருந்தா..."

"எட்டு வரல," என்றாள் இவள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. சாவியை உருவி அண்ணனிடம் நீட்டினாள். "பேசினது பேசினதுதான். இந்தா."

மச்சான் வாங்கிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். "மச்சான், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. என் கார் ரோட்டுல நிக்கட்டும். வெயில்ல காயட்டும், மழையில நனையட்டும், காக்கா எச்சம் போடட்டும். இந்த வண்டி எங்க சந்துல நிக்கும். நீங்க என்ன வேணா சொல்லுங்க!" என்று தெருவில் நின்று கத்தினேன். இவள் என்னை வாயைப் பிளந்து பார்த்தாள்.

மச்சான் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. அந்த நீளமான பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. பிறகு தங்கை பக்கம் திரும்பிச் சொன்னார்:

"அப்பா பொய் சொல்லல பாப்பா."

போனை என்னிடமிருந்து வாங்கினார். கரி படிந்த விரலால் தேடி ஹோட்டல் மேனேஜரைக் கூப்பிட்டார். "சார், குட் மார்னிங். அந்தக் கார் விஷயம்... இல்ல சார், குடுக்குறதா இல்ல. வேற யாருக்கும் இல்ல சார்... ரேட்டெல்லாம் ஒண்ணும் இல்ல. இல்ல இல்ல, ரிப்பேர் கிடையாது..."

அதுவரை கல் மாதிரி இருந்தவள், அப்படியே ஸ்டியரிங்கின்மேல் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தாள். நெற்றி பட்டு ஹாரன் அடித்தது. அவள் தலையை எடுக்கவில்லை, ஹாரன் நிற்கவில்லை. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அந்தச் சத்தத்தில் மேனேஜர் என்ன கேட்டாரோ தெரியாது. பெட்ரோல் காலியாகி நடுத்தெருவில் நின்ற வண்டியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு காதைப் பொத்தியபடி மச்சான் போனில் கத்திக்கொண்டிருந்தார்:

"ஓடுது சார்! வண்டி ஓடுது! ஓடிக்கிட்டிருக்கிற வண்டி சார்!"